விளக்கொளியும் முதல் ஒளியும்

மனிதர் அனைவரும் ஒளியையே நாடுகின்றனர். எவ்வொளியை என்பதில்தான் வேறுபாடு எழுகிறது. இதனை நமக்கு உணர்த்தியது மேலைநாட்டு இசைத்தட்டு ஒன்று என்றால் சிலர் வியக்கலாம். 1974 ஏப்ரல் திங்களில் இங்கிலாந்தில் வெளியான அதன் பெயர் ‘ஐ வாண்ட் டு சீ தி பிரைட் லைட்ஸ் டுநைட்’. ‘சுடர்மிகு விளக்குகளை இன்றிரவு காண விழைகிறேன்’ என்பது பொருள். ரிச்சர்டு தாம்சன், லிண்டா தாம்சன் என்னும் கணவன் மனைவியர் இணைந்தளித்த முதற்படைப்பு அது.

ரிச்சர்டு, 1967இல் தோன்றிய ‘ஃபேர்போர்ட் கன்வென்ஷன்’ குழுவின் கித்தார் கலைஞர். 1969 மே திங்களில் அக்குழுவினரின் வண்டி விபத்துக்குள்ளானது. குழுவின் இளம் டிரம்ஸ் கலைஞரும் ரிச்சர்டின் தோழியும் மாண்டனர். 1972இல் அவர் தனித்து வெளியிட்ட முதல் தட்டும் விலை போகவில்லை. அவ்வாண்டே லிண்டாவை மணந்தார். மறு ஆண்டு இருவரும் பாடிப் பதிந்த பாடல்கள், எண்ணெய் நெருக்கடியால் தட்டு வார்க்கும் மூலப்பொருள் கிட்டாமையின் வெளிவரத் தாமதமாயின.

நாட்டுப்புற இசையின் எளிமையும் மின்கித்தாரின் வேகமும் இதில் ஒன்றாயின. அக்கார்டியனும் பித்தளை வாத்தியக் குழுவும் துணை நின்றன. தலைப்புப் பாடலை முதன்முறை கேட்டபோது அதனைக் களியாட்டம் என்றே நாம் எண்ணினோம். வாரமெல்லாம் உழைத்துக் களைத்த பெண்ணொருத்தி நகரின் கேளிக்கையை நாடுகிறாள். பிற பாடல்களையும் கேட்ட பின்னரே அவளுடைய நாட்டத்தின் அடியில் உறைந்த வெறுமை புலப்பட்டது. ஒரு பாடல் குடியரின் வீழ்ச்சியைக் காட்டுகிறது. மற்றொன்று, தொட்டிலிற் கிடக்கும் மகவிடமே இவ்வுலகில் நம்பத்தக்கது எதுவுமில்லை என்கிறது. அன்று விற்பனை பெருகவில்லை. எனினும், பிற்காலத்தில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் தொகுத்த தலைசிறந்த ஐந்நூறு தட்டுகளின் வரிசையில் இதுவும் இடம்பெற்றது.

இத்தட்டு வெளியான 1974ஆம் ஆண்டிலேயே ரிச்சர்டு இஸ்லாத்தைத் தழுவினார். லிண்டாவும் உடன் இணைந்தார். சூஃபி நெறியினர் குழாம் ஒன்றில் வாழ்ந்து, 1975இல் மேலும் இரு தட்டுகள் வெளியிட்டபின், சில காலம் இசையுலகை விட்டே ஒதுங்கினர். இசை ஆகுமா, ஆகாதா என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குத் தீர்ப்புரைப்பது நம் நோக்கமன்று. புகழ் தேடி வரத்தக்க வயதில் உயிரனைய கலையைத் துறக்கத் துணிந்த உறுதியையே நாம் எண்ணிப் பார்க்கிறோம். 1978இல் மீண்டு வந்து அவர்கள் அளித்த தட்டின் பெயர் ‘ஃபர்ஸ்ட் லைட்’, அதாவது ‘முதல் ஒளி’. நகர விளக்குகளில் தொடங்கிய பயணம் வைகறையைச் சேர்ந்தது போலும்!

ஈமான் கொண்டதால் சோதனைகள் நீங்கிவிடவில்லை. 1980களின் தொடக்கத்தில் மணவாழ்வு முறிந்தது; குரல் நோயால் லிண்டா பல்லாண்டுகள் பாட இயலாது தவித்தார். ரிச்சர்டோ பிரிவுக்குப் பின்னும் முஸ்லிமாகவே வாழ்ந்து பாடி வந்தார்.

இசைத்தட்டு எவரையும் நேர்வழி சேர்ப்பதில்லை. ஹிதாயத் இறைவன் கையில் உள்ளது. ஆயினும், உள்ளம் வெறுமையை உணர்ந்து கதறும் குரலும் தேடலின் தொடக்கமே. இளைஞர் கேட்கும் பாட்டினைக் கேட்டதும் முகஞ்சுளிக்கும் பெரியோர், அதனுள் ஒலிக்கும் தாகத்திற்கும் செவிசாய்த்தல் வேண்டும். மாணவச் செல்வங்களே, நீங்களும் விரும்பும் விளக்கு எத்தனை நாழிகை எரியும் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.