நால்வருக்கும் மூன்றே வாய்ப்பு

கொச்சியை அடுத்து, பெரியாற்றின் கிளைகள் சூழ அமைந்த தொழில்நகரம் ஏலூர். 1947 ஆம் ஆண்டில் ஃபாக்ட் உரத்தொழிற்சாலை இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் வேறு பல ஆலைகளும் எழுந்தன. வேலை நாடித் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் வாழ்கின்றன. மட்டாஞ்சேரியின் கடைத்தெருக்களிலோ பல தலைமுறைகளாகத் தமிழ் ஒலித்து வருகிறது. இக்குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் மலையாளமும், வகுப்பில் ஆங்கிலமும் இந்தியும் பேசி வளர்கின்றனர். ஓடிப்பிடித்தலும் பந்தாட்டமும் நட்பை வளர்த்த இடத்தில் இன்று திரைவிளையாட்டும் சேர்ந்துகொண்டுள்ளது. அவற்றுள் ஒன்று, நண்பர் நால்வர் கூடிக் கொடுவிலங்கை வேட்டையாடும் விளையாட்டாகும்.

'மான்ஸ்டர் ஹண்டர்' என்னும் அவ்விளையாட்டை உருவாக்கியது ஜப்பானின் ஒசாகா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட காப்காம் நிறுவனம். முதற்பதிப்பு 2004 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மறு ஆண்டு கையடக்கக் கருவிக்கான பதிப்பும் ஜப்பானில் வெளியாயிற்று. கம்பியில்லா இணைப்பினால் அருகருகே அமர்ந்த நால்வர் ஒரே காட்டுக்குள் புகுந்து வேட்டையாட அது வழிசெய்தது. எனவே மாணவர்களும் அலுவலர்களும் தத்தம் கருவிகளுடன் உணவகங்களில் கூடி விளையாடினர். 2018 இல் வெளியான 'வேர்ல்ட்' பதிப்பு இவ்விளையாட்டை உலகெங்கும் கொண்டுசென்றது.

இதில் வரும் விலங்குகள் கற்பனைப் படைப்புகள். தீயை உமிழ்ந்து வானில் பறக்கும் ராத்தலோஸ் அவற்றுள் புகழ்பெற்றது. இத்தகைய விலங்கின் உயிர்வலிமை எவ்வளவு எஞ்சியுள்ளது என்று திரை கணக்கிட்டுக் காட்டுவதில்லை. வேட்டைக்காரன் அதன் உடலைப் பார்த்தே அறிதல் வேண்டும். களைத்த விலங்கின் வாயிலிருந்து நீர் ஒழுகும். மிகவும் நலிந்த விலங்கு காலைத் தாங்கித் தாங்கி நடந்து, தன் இருப்பிடம் சென்று உறங்கும். அடி விழுமுன் அது எத்திசையில் தலையைத் திருப்புகிறது, எப்பொழுது மூச்சை இழுக்கிறது என்பனவற்றைக் கூர்ந்து நோக்குபவனே தப்புவான். விரைந்து பொத்தானை அழுத்துபவனைக் காட்டிலும் பொறுத்திருந்து பார்ப்பவனுக்கே இக்காட்டில் வாழ்வு நீள்கிறது.

படைக்கலங்கள் பதினான்கு வகைப்படும். சம்மட்டி ஏந்தியவன் தலையில் அடித்து விலங்கை மயங்கச் செய்வான். வாளேந்தியவன் வாலை வெட்டுவான். வால் அறுந்தால் விலங்கின் வீச்சு குறையும். வில்லாளி தொலைவில் நின்று எய்வான். வேட்டைக் கொம்பு ஏந்தியவனோ இசை எழுப்பி, நால்வரின் வலிமையையும் காப்பையும் பெருக்குவான். ஒருவன் குழி பொறியை அமைக்க, மற்றவர் விலங்கை அதை நோக்கி ஈர்த்து வருவர். தன் வாளின் வீச்சு நண்பன்மீது பட்டால் அவனுக்குக் காயம் ஏற்படுவதில்லை. எனினும் அவன் நிலைகுலைந்து, தொடங்கிய அடியை இழப்பான். ஆகவே எங்கே நிற்பது என்பதும் இதில் ஒரு கலை. கொச்சிக் கோட்டைக் கடற்கரையில் சீனவலையை இயக்கும் மீனவர்கள் ஒரே கணத்தில் கயிற்றை இழுத்தால்தான் வலை நீரைவிட்டு எழும். அதுபோல இங்கும் ஒருவர் அசைவை மற்றவர் அறிந்தால்தான் வேட்டை கைகூடும்.

இவ்விளையாட்டின் உயிர்நாடி அதன் வீழ்ச்சி விதியில் இருக்கிறது. அடிபட்டு வீழ்ந்த வேட்டைக்காரனைப் பூனைகள் ஒரு சிறு வண்டியில் ஏற்றிக் கூடாரத்தில் கொண்டுவந்து கொட்டும். அவன் எழுந்து மீண்டும் களம் புகலாம். ஆனால் ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் பரிசுத்தொகையில் ஒரு பங்கு குறையும். பொதுவாக மூன்றாம் வீழ்ச்சியோடு வேட்டை தோல்வியில் முடியும். இம்மூன்று வாய்ப்புகளும் ஆளுக்கு மூன்றாக வழங்கப்படுபவை அல்ல; நால்வருக்கும் பொதுவானவை. ஒருவனே மூன்று முறை வீழ்ந்தாலும், மூவர் ஒருமுறை வீழ்ந்தாலும் விளைவு ஒன்றே. ஒருமுறைகூட வீழாத நான்காமவனும் வெறுங்கையோடு திரும்ப வேண்டும்.

ஊர் மாறி அண்மையில் ஏலூருக்கு வந்து சேர்ந்த சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். மலையாளம் அவனுக்கு இன்னும் நாவில் படியவில்லை. வகுப்பில் வினாவுக்கு விடை தெரிந்தாலும் எழுந்து சொல்லத் தயங்குகிறான். அடுத்த வீட்டு நண்பர்கள் மூவர் அவனை வேட்டைக்கு அழைக்கின்றனர். நாற்பது நிமிடப் போராட்டத்தில் அவனே இருமுறை வீழ்ந்துவிடுகிறான். எஞ்சியிருப்பது ஒரே வாய்ப்பு. விலங்கோ காலைத் தாங்கி நடக்கத் தொடங்கிவிட்டது. அந்நேரத்தில் மற்ற மூவர் வாயிலிருந்து வரும் சொல்லைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது.

"உன்னால்தான் தோற்கப் போகிறோம்" என்று ஒருவன் கூறலாம். அது பொய்யும் அன்று, கணக்குப்படி உண்மையே. ஆயினும் அச்சொல்லைக் கேட்டவன் கை நடுங்கி விரைவில் மூன்றாம் முறையும் வீழ்வான். அதைவிடப் பெரிய இழப்பு மறுநாள் நேரும். அழைத்தாலும் அவன் வரமாட்டான். மாறாக, மூவருள் மூத்தவன், "தம்பி, நீ சற்றுப் பின்னால் நில். அது மூச்சை இழுக்கும்போது இடப்பக்கம் ஓடு. பொடியை நான் தூவுகிறேன்" என்று கூறலாம். உயிர்ப்பொடி என்னும் அம்மருந்தைத் தூவினால் அருகிலுள்ள தோழர் அனைவரின் காயமும் ஆறும். அதைத் தூவும் கணத்தில் தூவுபவன் விலங்கைத் தாக்க இயலாது. தன் அடியை விட்டுக்கொடுத்தே நண்பனைக் காக்க முடியும். அவ்வாறு காத்தும் வேட்டை தோற்கக்கூடும். தோற்றாலும் நால்வரும் மறுநாள் கூடுவர். முன்பு விலங்கின் மூச்சை அறியாதிருந்தவன் இப்போது அதை அறிந்திருப்பான்.

மொழி கைகொடுக்கும் விந்தையையும் இவ்வேட்டையில் காணலாம். திரையில் தோன்றும் சொற்கள் ஆங்கிலம். போரின் நடுவே அவற்றைப் படித்துப் பேச எவருக்கும் பொழுதில்லை. வாயில் வருபவை சிறு சொற்களே: தலை, வால், கால், கண், தீ, ஓடு, இடது, வலது. இவை தமிழ்ச் சொற்கள். ஒலியில் சிறிதே வேறுபட்டு மலையாளத்திலும் வழங்குபவை. தமிழில் 'தலை' என்பதை மலையாளம் 'தல' என்னும். 'வால்' இரண்டிலும் வால்தான். மலையாளம் அறியாதவன் என்று தன்னை எண்ணியிருந்த சிறுவன் வேட்டைக்களத்தில் தடையின்றி மலையாள நண்பனுக்குக் குரல் கொடுக்கிறான். அவன் கூவிய 'தீ' என்னும் ஓர் எழுத்துச் சொல் நண்பனைக் காக்கிறது. நெடுங்காலம் ஒன்றாய் வாழ்ந்து பிரிந்த இரு மொழிகளின் உறவைப் பாடநூலில் படிக்குமுன்பே அவன் செவியால் அறிந்துகொள்கிறான்.

வெற்றிக்குப் பின் வரும் பங்கீடும் நோக்கத்தக்கது. வீழ்ந்த விலங்கின் செதிலும் கொம்பும் புதிய கவசங்களுக்கும் படைக்கலங்களுக்கும் பயன்படும். ஒருவன் எடுத்ததனால் மற்றவனுக்குக் குறைவதில்லை. நால்வருக்கும் தனித்தனியே பங்கு உண்டு. மிகுதியாக அடித்தவனுக்கு மிகுதி என்னும் கணக்கும் இல்லை. இருமுறை வீழ்ந்தவனும் தன் பங்கைப் பெற்று, அடுத்த வேட்டைக்கு வலிய கவசம் பூணலாம். மெலிந்தவன் வலிமை பெறுவது நால்வருக்கும் நன்மையே என்பதை விளையாட்டை அமைத்தவர்கள் உணர்ந்திருந்தனர்.

இவ்விளையாட்டுக்கு எல்லையும் வேண்டும். ஒரு வேட்டைக்குப் பெரும்பாலும் ஐம்பது நிமிட வரம்பு உண்டு. 'இன்னும் ஒன்று' என்று தொடர்ந்தால் இரண்டே வேட்டைகளில் ஒரு மாலைப் பொழுது கரைந்துவிடும். உதவி வேண்டி ஒளிவெடியை வானில் ஏவினால், முன்பின் அறியாதவர்கள் பிற நாடுகளிலிருந்தும் வந்து சேரும் வசதி இதில் உண்டு. அவர்களோடு வேட்டையாடலாம், வீட்டுச் செய்திகளைப் பகிர்தல் கூடாது. "நாளை தேர்வு, நான் செல்கிறேன்" என்று ஒருவன் விடைபெற்றால் அவனைப் பழியாமல் அனுப்புவதும் கூட்டு வேட்டையின் ஒழுக்கமே. வீழ்ந்தவனைத் தாங்குவது போலவே, எழுந்து செல்பவனை மதிப்பதும் நட்பிற்கு அழகு.

பல விளையாட்டுகளில் திறமையுடையவன் தனியே முந்திச் சென்று பரிசு பெறலாம். இங்கே அவனுக்கு அவ்வழி அடைபட்டுள்ளது. தன் திறமையைத் தன்னைவிட மெலிந்தவனுக்காகச் செலவிட்டால்தான் அவனும் வெல்வான். வலியவன் எவ்வளவு வலியவன் என்பதை அவன் வெட்டிய வால்களின் எண்ணிக்கை முழுமையாகக் காட்டாது. இருமுறை வீழ்ந்த நண்பன் மறுநாள் மாலை அஞ்சாமல் வந்து அவன் அருகே அமர்கிறானா என்பதே அதைக் காட்டும்.