கடல் தாண்டி வந்த பெயர்கள்

எங்கள் வீட்டுத் தார்சாவில், சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில், ஒரு மரப்பலகை மேல் மர்ஃபி ரேடியோ இருந்தது. பெரியம்மை பின்னிக் கொடுத்த வெள்ளை நூல் உறை அதற்கு, ஓரத்தில் மட்டும் சிவப்பு ரோஜா. குமிழைத் திருகியதும் பாடிவிடாது. உள்ளே வால்வு சூடாக வேண்டும். அது சூடாகும்போது நூலும் தூசியும் பழைய மரமும் கலந்து ஒரு வாசனை வரும். புறவாசலில் ஆச்சி காய்ச்சும் கருப்பட்டிக் காப்பியின் வாசனை அதோடு சேர்ந்துகொள்ளும். அந்த நேரம் பார்த்து, முதலில் இரைச்சலாகவும் பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தும், கொழும்பிலிருந்து இலங்கை வானொலியின் குரல் ஒன்று வரும். ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சி தொடங்கிவிட்டால் பள்ளிக்கூடம் கிளம்ப வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். வீட்டில் கடிகாரம் உண்டு, ஆனால் அதை யாரும் நம்பியதில்லை.

திருச்செந்தூருக்கு வடக்கே, பனையும் உப்பளமும் கடலும் சேர்ந்து கிடக்கிற கரையில் எங்கள் ஊர். சென்னை வானொலி எங்களுக்கு இருமிக்கொண்டேதான் கேட்கும். கொழும்பு, அடுத்த தெருவில் நின்று பேசுகிற மாதிரி கேட்கும். மத்திய அலை வானொலி காய்ந்த மண்ணின் மேல் சீக்கிரம் களைத்துவிடும், உப்புத்தண்ணீரின் மேல் நெடுந்தூரம் போகும் என்று பின்னாளில் படித்தேன். கொழும்பைக் கேட்க வேறொரு காரணமும் இருந்தது. 1952-ல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தார். அந்தப் பாட்டெல்லாம் கொழும்பு வழியாகத் திரும்பி வந்தது. வடக்கே இருந்தவர்களுக்கு அமீன் சயானியின் இந்திப் பாட்டு வரிசை, எங்களுக்கு அறிவிப்பாளர் மயில்வாகனன். 1957-ல் விவித பாரதி வந்த பிறகும் எங்கள் கரை கொழும்பை விடவில்லை. தாத்தாவுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது, தேவைப்படவும் இல்லை. அவர் வாலிபத்தில் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு மளிகைக் கடையில் இருந்தவர். “அந்த டொரிங்டன் ஸ்கொயர் இருக்கே, ரேடியோ டேசன், அதுக்கு முன்னால நடந்து போயிருக்கேம்ல” என்பார். நாங்கள் அவர் கால்களைப் பார்ப்போம்.

அறிவிப்பாளர்களின் முகம் எங்களுக்குத் தெரியாது. அதனால் எல்லாருக்கும் நாங்களே முகம் செய்து வைத்திருந்தோம். கே.எஸ். ராஜா பேசுகிற வேகத்துக்கு, அவர் ஒல்லியாக, உயரமாக, சைக்கிளை ஸ்டாண்டு கூடப் போடாமல் சாத்திவிட்டு ஓடி வருகிறவராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் திடமான நம்பிக்கை. ‘திரைவிருந்து’ முடியும் வரைக்கும் அவர் மூச்சு விடுவாரா என்று சின்ன அண்ணனும் நானும் எண்ணிக்கொண்டே கேட்போம். பி.எச். அப்துல் ஹமீதுக்கு எங்கள் தமிழ் வாத்தியாரின் முகத்தைக் கொடுத்திருந்தேன், வாத்தியாரின் வெற்றிலைப் பல்லை மட்டும் எடுத்துவிட்டு. அந்தத் தமிழில் ஒரு ‘ழ’ கூடத் தவறி விழாது. எங்கள் தெருவில் பழம் என்றால் ‘பளம்’தான். ஆனால் ‘பாட்டுக்குப் பாட்டு’ நடக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நாங்களும் நாக்கை மடித்து ‘பழம்’ என்று சொல்லிப் பார்ப்போம். யாரும் சொல்லித் தராமல், அடிக்காமல் கற்றுக்கொண்ட தமிழ் அது. இன்றும் என் வாயில் இருக்கிறது.

ஊரில் பேர் வாங்க அன்றைக்கு இரண்டு வழிதான் இருந்தது. கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரருக்கு மாலை போட்டு, ஒலிபெருக்கியில் பேர் சொல்ல வைப்பது ஒன்று. அது நாலு தெருவுக்குக் கேட்கும். இன்னொன்று கொழும்புக்குக் கடிதம் எழுதி, விரும்பிக் கேட்ட பாட்டுக்கு முன்னால் பேரை வாசிக்க வைப்பது. அதுதான் உலகம் பூராவும் கேட்கிற பேர் என்று நாங்கள் நினைத்திருந்தோம். உலகம் என்றால் எங்களுக்கு ராமேஸ்வரம், யாழ்ப்பாணம், கொழும்பு, அப்புறம் தாத்தாவுக்கு ஒரு கூட்டாளி இருந்த பினாங்கு.

சின்ன அண்ணன் மாசம் தவறாமல் எழுதுவான். வெளிநாட்டுத் தபால், தலை கூடுதலாக ஒட்ட வேண்டும். அதற்குப் பனங்கிழங்கு விற்ற காசு. எழுத்துக்கு அடியில் பென்சிலில் கோடு போட்டு, அவன் பேர்களை எழுதி, பிறகு கோட்டை ரப்பரால் அழிப்பதை நான் பக்கத்தில் குப்புறப் படுத்துப் பார்ப்பேன். முதலில் தாத்தா பேர், பிறகு அப்பா, பெரியப்பா, சித்தப்பா, அத்தான்மார், கடைசியில் அவனுடைய கூட்டாளிகள். பெண்பிள்ளைகள் பேர் வராது. கேட்டால் சித்தப்பாதான் பதில் சொல்வார்: “பொம்பளப் புள்ள பேரு கடல் தாண்டிப் போவணுமாக்கும்.” நான் சண்டை போட்டதாக நினைவில்லை. அது வெயில் அடிப்பதைப் போல ஒரு காரியமாகத்தான் அப்போது தெரிந்தது.

ஒரு தடவை ஆச்சி, சாளை மீனைச் சாம்பல் போட்டு உரசிக்கொண்டே, “எம் பேரையும் போடுல” என்றாள். சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். “செத்த பெறகு ஆரு சொன்னா என்ன, இருக்கும்போது ஒருத்தன் சொல்லிக் கேக்கணும்லா. புள்ள பேரையும் சேத்துப் போடு” என்று அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆச்சி அரிவாள்மணையில் உட்கார்ந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

எழுதிப் போட்டு வாரங்கள் ஓடின. ரேடியோ சூடாகிறபோதெல்லாம் வயிற்றுக்குள் ஒரு பிசைவு. பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரத்தில் வாசித்துவிட்டால் என்ன செய்வது என்று, வடக்குத் தெருத் தையல்கடை, டீக்கடை, ரேஷன் கடை என்று ரேடியோ இருக்கிற இடத்துக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தோம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தார்சாவில் எல்லாரும் இருக்கும்போதே வந்தது. அந்தக் குரல் ஒவ்வொரு பேராக, அவசரப்படாமல், முழுசாகச் சொன்னது. எங்கள் ஊர்ப் பேரை ஊர்க்காரர்களைவிடச் சுத்தமாகச் சொன்னது. தாத்தா பேருக்கும் என் பேருக்கும் ஒரே மரியாதை. ஆச்சி பேர் வந்தபோது அவள் அடுக்களைப் படியில் நின்றிருந்தாள். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள், பெரிய மனுசர் யாரோ வீட்டுக்குள் வந்த மாதிரி. பாட்டு ஓடத் தொடங்கிய பிறகுதான், “அவுகளுக்கு சாப்பாடெல்லாம் நேரத்துக்குக் கிடைக்குமா, பாவம், இத்தனை பேரையும் வாசிக்கணுமே” என்றாள்.

அடுத்த நாள் டீக்கடை அண்ணாச்சி அண்ணனிடம் காசு வாங்கவில்லை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி கொடுக்காப்புளி கொடுத்தாள். அந்தப் புகழ் எங்கள் தெருவில் அடுத்த பொங்கல் வரைக்கும் செல்லுபடியானது.

அதே காலத்தில்தான் ‘சுராங்கனி’ வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் ஏ.ஈ. மனோகரன் பாடிப் பாடி இரண்டு கரையிலும் பிடித்த தீ அது. 1977-ல் இளையராஜா இசையில் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்திலும் ஏறிவிட்டது. போர்த்துக்கீசியரும் அவர்களோடு வந்த ஆப்பிரிக்கரும் இலங்கையில் விட்டுப்போன தாளம், சிங்களவர் கையில் பைலாவாகி, தமிழர் வாயில் ஏறி, பனங்காட்டு வழியாக எங்கள் தெருவுக்கு நடந்து வந்திருக்கிறது. எத்தனை நூறு வருஷப் பயணம்! எங்களுக்கு அது மீன்காரம்மாவின் பின்னால் ஓடிப் பாடுகிற பாட்டு, அவ்வளவுதான். அது மீனைப் பற்றிய பாட்டு என்று தாத்தா சொன்ன பிறகு எங்கள் உற்சாகம் இரட்டிப்பானது. மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்து, “ஏட்டி, யாருட்டி அந்தச் சுராங்கனி, எங்கிட்ட கடன் சொல்லிட்டுப் போனவளா?” என்று கேட்பாள். ரெண்டு நாள் கழித்து அவளே அதை முனகிக்கொண்டு வந்தாள்.

1982-ல் கொழும்பில் ரூபவாகினி தொலைக்காட்சி தொடங்கியது. கொடைக்கானல் தொலைக்காட்சிக் கோபுரம் எழும்புவதற்கு முன்பே எங்கள் கரையில் வசதியுள்ள வீடுகளின் மச்சில், கிழக்கே பார்த்து இரும்புக் குழாய்கள் முளைத்தன. காற்றடித்தால் ஒருவர் மேலே ஏறித் திருப்ப வேண்டும், கீழிருந்து ஒருவர் “இன்னும் இன்னும்... போதும் போதும்” என்று கத்த வேண்டும். சிங்கள நாடகத்தை ஒரு சொல் விளங்காமல் உட்கார்ந்து பார்த்து அழுத பெண்களை நான் அறிவேன். அடுத்த வருஷம் ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில் கொழும்பு எரிந்தது. அதன் பிறகு ராமேஸ்வரம் கரையில் தோணிகளில் வந்து இறங்கினவர்கள் பாட்டுக் கேட்க வந்தவர்கள் அல்ல. தாத்தா அந்த மாதங்களில் ரேடியோவைச் செய்திக்கு மட்டும் திருகினார். நாங்கள் கேட்டு வளர்ந்த குரல்கள் சில, லண்டனுக்கும் டொரன்டோவுக்கும் போய் அங்கே தமிழ் வானொலிகளில் பேசத் தொடங்கின. கே.எஸ். ராஜா 1994-ல் கொழும்பில் கொல்லப்பட்டார். ஒரு கரையையே ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார வைத்த மனிதரின் சாவு எங்கள் ஊருக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. இதை எழுதும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. அப்துல் ஹமீதைப் பிறகு சன் டிவியில் ‘பாட்டுக்குப் பாட்டு’ நடத்தியபோது பார்த்தேன். வாத்தியார் முகம் உடனே எழுந்து போய்விட்டது. குரல் மட்டும் அதே இடத்தில் இருந்தது.

2021-ல், ஊரடங்கில் நான் அந்த வீட்டில்தான் மாட்டிக்கொண்டேன். அண்ணன் பேத்தி தார்சாவில் செல்போனைச் சுவரில் சாத்தி வைத்து ஆடினாள். பாட்டு சிங்களம். ‘மெனிக்கே மகே ஹிதே’. யொஹானியும் சதீஷனும் பாடியது மே மாதம் வெளிவந்தது. சில மாதங்களிலேயே அமிதாப் பச்சன் வரைக்கும் போய்விட்டது. மறு வருஷம் இந்திப் படத்தில் ஏறியது. அந்தப் பாட்டு அதற்கு முந்தின வருஷமே சதீஷன் பாடி வந்தது என்று பேத்திதான் எனக்குச் சொன்னாள். அந்த முதல் பாட்டு இத்தனை தூரம் வரவில்லை. எது கரையேறும், எது நடுக்கடலில் நிற்கும் என்பதை இப்போது முடிவு செய்வது யார் என்று கேட்டேன். “அது அல்காரிதம் ஆச்சி” என்றாள், மழை மேகம் என்று சொல்கிற இயல்போடு. அவள் மேசைக்கு மேலே கொரியப் பையன்கள் ஏழு பேர், பி.டி.எஸ். பாட்டுக் குழு, படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏழு பேரின் பேரும் பிறந்தநாளும் அவளுக்குத் தெரியும்.

எனக்கு இதில் வருத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். தடுத்து நிறுத்த ஒரு சித்தப்பா இல்லாமல், தன் பேரும் முகமும் ஆட்டமுமாக ஒரு பெண்பிள்ளை கடல் தாண்டுகிறாள். அதைப் பார்க்க ஆச்சி இல்லையே என்றுதான் இருந்தது. ஆனால் ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, போர்வைக்குள் வெளிச்சம் தெரிய, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அவள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதையும் பார்த்தேன். எங்கள் பேரை வாசிக்க ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். தபாலைப் பிரித்து, கோணல் கையெழுத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தெரியாத ஊரின் பேரைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று அக்கறைப்பட்டார். இவளுக்கு எண்ணிக்கை வருகிறது, ஆயிரக்கணக்கில் வருகிறது. அதைச் சொல்ல ஒரு குரல் இல்லை. அந்த ஒன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் பேத்தியின் அம்மா, அதாவது அண்ணன் மகள், யூடியூபில் சமையல் போட ஆரம்பித்தபோது நான் ஒரு வேலையை எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் அவள் இஞ்சி தட்டும்போது, கீழே வந்திருக்கிற கருத்துகளைச் சத்தமாக வாசிப்பது. பேர், ஊர், பிறகு எழுதினது, அந்த வரிசையில். முதலில் அவளுக்குச் சிரிப்பு. இப்போது, “அத்தை, அந்த மட்டக்களப்பு அக்கா என்ன எழுதிருக்காங்க?” என்று அவளே கேட்கிறாள்.

போன வாரம் சொதி போட்டாள். பாசிப்பருப்பு, முருங்கைக்காய், மூன்று தேங்காய்ப் பால், கடைசியில் எலுமிச்சை, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். இந்தக் குழம்பே கொழும்புக்குப் போய் வந்த வியாபாரிகள் கொண்டுவந்தது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். டொரன்டோவில் இருக்கிற யாழ்ப்பாணத்துப் பெரியம்மா ஒருவர் எழுதியிருந்தார்: சொதிக்குள் பருப்பைப் போட்டால் அது சொதியா, பச்சைமிளகாயும் மஞ்சளும் பாலும் போதாதா, இடியப்பத்துக்கு ஊற்றுவதற்குத் தண்ணியாக இருக்க வேண்டாமா என்று. அதற்குக் கீழே பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் மறுத்து எழுத, மலேசியாவிலிருந்து இன்னொருவர் நடுவில் புகுந்து இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் ஒவ்வொருவர் பேரையும் ஊரையும் சொல்லி, ஒன்று விடாமல் வாசித்தேன். அண்ணன் திண்ணையில் இருந்தபடியே, “அந்த யாழ்ப்பாணத்து அம்மா சொல்ற மாதிரியும் ஒருநாள் வையி” என்றான். வருகிற சனிக்கிழமை வைக்கிறோம். இடியப்பத்துக்கு மாவு இடித்தாயிற்று.