ஓடும்போதா, நிற்கும்போதா?

சென்னையின் மேற்குப் புறநகரில் கார் பழுதுபார்க்கும் பட்டறைகள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பக்கத் தெருக்களிலும், சி.டி.எச். சாலை என்று பேச்சில் சுருங்கிவிட்ட சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும், பூந்தமல்லிப் புறவழிச்சாலையை ஒட்டியும் நெருங்கி அமைந்திருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ், அதே ஆண்டு ஆவடியில் நிறுவப்பட்டு 1965இல் விஜயந்தா டாங்கியை வெளிக்கொணர்ந்த கனரக வாகனத் தொழிற்சாலை, 1964இல் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஆகியவை எஞ்சினையும் உலோகத்தையும் கையாளும் பழக்கத்தை இப்பகுதியில் தலைமுறைக் கணக்கில் ஊன்றிவிட்டன. கத்திரி வெயிலில் இப்பட்டறைகளுக்கு மிகுதியாக வந்து சேரும் புகார் 'வண்டி ஹீட் ஆகுது' என்பதே.

எரிபொருளிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எவ்வித வேலையும் செய்யாமல், எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீரில் வெப்பமாக இறங்குகிறது. தொழிலில் கூலண்ட் எனப்படும் அந்நீரைச் சுழல வைப்பது வாட்டர் பம்ப். எஞ்சின் போதிய சூடேறும்வரை அதனை ரேடியேட்டருக்குள் விடாமல் தடுத்து, பெரும்பாலான கார்களில் 82 முதல் 92 டிகிரி செல்சியஸுக்குள் திறந்துவிடும் மெழுகு வால்வு தெர்மோஸ்டாட் ஆகும். மெல்லிய குழாய்களும் அவற்றிடையே மடிப்பு மடிப்பான தகடுகளும் கொண்ட ரேடியேட்டர் நீரின் சூட்டைக் காற்றுக்குக் கைமாற்றுகிறது. வண்டி நகராதபோது அக்காற்றை இழுத்துத் தருவது மின்விசிறி. மெர்சிடிஸ் காருக்காக வில்ஹெல்ம் மேபாக் 1900இல் வடிவமைத்த ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன என்பதையும், நூற்றாண்டு கடந்தும் அதன் அடிப்படை மாறவில்லை என்பதையும் நோக்கும்போது, பழுதைத் தேடும் வழியும் பெரிதாக மாறாதிருப்பது வியப்பன்று.

அத்தேடல் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, 'ஓடும்போது ஏறுதா சார், நிக்கும்போது ஏறுதா?' என்ற கேள்வியில் தொடங்குகிறது. நெரிசலில் நின்றால் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கும் சூடு காற்றுக் குறைவைக் காட்டுவதால், விசிறி மோட்டார், அதற்கு மின்சாரம் விடும் ரிலே, ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டப்பட்டிருக்கும் ஏ.சி. கண்டென்சரில் படிந்த புழுதி ஆகியவை முதலில் சோதிக்கப்படுகின்றன. மாறாக, நெரிசலில் அமைதியாக இருந்துவிட்டு, நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் ஏறும் சூடு நீரோட்டக் குறைவைக் காட்டுகிறது; உள்ளே அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், பாதி திறந்து நின்றுவிட்ட தெர்மோஸ்டாட், இலைகள் அரித்துப்போன பம்ப் ஆகியவற்றில் ஒன்று அதற்குக் காரணமாகலாம். காலையில் புறப்பட்ட சில நிமிடங்களிலேயே ஏறுமானால், திறவாத தெர்மோஸ்டாட்டோ நீர்ப்பாதையில் சிக்கிய காற்றுக்குமிழோ ஐயத்துக்குள்ளாகிறது. இக்குமிழைத் தொழிலாளர் 'ஏர் லாக்' என்பர்.

இவ்வட்டாரத்தின் சாலை அமைப்பே இக்கேள்விக்குரிய சோதனைக் கருவியாகப் பயன்படுவது கவனிக்கத்தக்கது. திருமுல்லைவாயலிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் வரை மாலை வேளையில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வந்தால் விசிறியின் நிலை தெரிந்துவிடும்; நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை ஏறி நசரத்பேட்டை வரை ஒரே வேகத்தில் ஓட்டினால் பம்பும் ரேடியேட்டரும் தம் குறையை மறைக்க இயலாது. எந்தச் சாலையில் ஓட்டிப் பார்ப்பது என்பதைத் தீர்மானிப்பதிலேயே நோயறிதலின் பாதி முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதியில் கைக்கும் ஸ்கேனருக்கும் ஒரு போட்டி நடக்கிறது. ஸ்கேனர் என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியுடன் இணைந்து, உணரி அளிக்கும் வெப்பநிலையை எண்ணாகக் காட்டும் கருவி; இளம் தொழிலாளர் அதனை முதலில் நாட, மூத்தவர்கள் ரேடியேட்டரின் மேல் ஓஸையும் கீழ் ஓஸையும் தொட்டு, இரண்டுக்குமுள்ள சூட்டு வேறுபாட்டிலிருந்து நீரோட்டத்தைக் கணிக்கின்றனர். கை பழையது என்று ஒதுக்கிவிட முடியாது. நீர் வற்றிய எஞ்சினில் உணரி நீரில் மூழ்காமல் வெறுமையில் தொங்குவதால், எஞ்சின் கருகிக்கொண்டிருக்கும்போதே அது குறைந்த எண்ணைக் காட்டக்கூடும். அந்தப் பொய்யை விரல் நொடியில் பிடித்துவிடுகிறது. ஓட்டுநருக்கு முன்னுள்ள முள்ளும் முழுமையாக நம்பத்தக்கதன்று. பல கார்களில் அது குறிப்பிட்ட வெப்ப எல்லைக்குள் நடுவிலேயே நிற்குமாறு அமைக்கப்பட்டுள்ளமையால், நகரத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும்.

மிக மலிவான பாகத்தின் மீதே மிகக் குறைந்த கவனம் விழுவது இத்தொழிலின் விந்தை. ரேடியேட்டரின் மூடி வெறும் மூடியன்று. அது ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்தை உள்ளே தேக்கி வைப்பதால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கிறது. அதன் ரப்பர் வளையம் இறுகிப்போனால் அழுத்தம் கசிந்து, நல்ல ரேடியேட்டரும் கொதித்து வழிகிறது. மூடியை மாற்றிப் பார்க்காமல் ரேடியேட்டரை மாற்றியவர்கள் குறைவல்லர் என்பது பட்டறைகளில் சிரிப்போடு சொல்லப்படும் உண்மை. ஊற்றப்படும் நீரும் அவ்வாறே. ஆழ்துளைக் கிணற்று நீரின் சுண்ணாம்புச் சத்து சூட்டில் பிரிந்து, குழாய்ச் சுவரில் வெண்படலமாகப் படிந்து வெப்பம் கடப்பதைத் தடுக்கிறது; துருவைத் தடுக்கும் வேதிப்பொருளும் அந்நீரில் இல்லை. பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டரில் கூலண்டைச் சரிபாதியாகக் கலந்து ஊற்றுவதே முறை என்று சொல்பவர்கள் இருந்தும், வழியில் ஒருமுறை ஊற்றிய குழாய்த் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே தங்கிவிடுகிறது.

காரணத்தைத் தேடாமல் அறிகுறியை அடக்கும் வழியும் உண்டு; அதற்கு 'டைரக்ட்' என்று பெயர். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவதும், சாவி போட்டதுமே விசிறி சுழலுமாறு ஒயரை நேராக இணைத்துவிடுவதும் அதன் இரு வடிவங்கள். வாடிக்கையாளர் அவசரப்படும்போது இதனைச் செய்யும் தொழிலாளரைக் குறை கூறுவது எளிது. ஆனால் விளைவு நல்லதன்று. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் உரிய சூட்டை எட்டாமல் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கிறது. சிலவகை எஞ்சின்களில், அவ்வால்வு அடைத்திருக்க வேண்டிய மாற்றுப்பாதை திறந்தே கிடப்பதால், சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைச் சேராமலே திரும்பி, நெடுஞ்சாலையில் சூடு முன்னிலும் அதிகமாகிறது. ஓயாது சுழலும் விசிறியோ மோட்டாரின் கார்பன் தேய்ந்து ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிடுகிறது.

தவறவிட்ட நோயறிதலின் விலையை அம்பத்தூரின் எஞ்சின் வேலைக் கூடங்களில் காணலாம். 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசடர் காரின் பழைய பெட்ரோல் எஞ்சினில், சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட் வார்ப்பிரும்பால் ஆனது. கொதித்தாலும் தண்ணீர் ஊற்றிப் பயணத்தைத் தொடரும் வழக்கம் அக்காலத்து எச்சம். இன்றைய அலுமினிய ஹெட், சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இருமடங்கு விரிவதால், ஒருமுறை அளவு மீறினாலே வளைந்து, அடியிலுள்ள கேஸ்கட்டைக் கசியவிட்டுவிடுகிறது. அதன்பின் ரேடியேட்டர் வாயில் ஓயாத குமிழ்களும், பால் கலந்த தேநீர் நிறத்தில் எஞ்சின் ஆயிலும், வெண்புகையும் தோன்றுகின்றன. கழற்றிய ஹெட்டின் மீது நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் எனும் மெல்லிய தகடுகளைச் செருகிப் பார்த்து, பல எஞ்சின்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் அது 'ஃபேஸிங்'குக்கு, அதாவது மேற்பரப்பைச் சீவிச் சமன்செய்வதற்கு அனுப்பப்படுகிறது.

இத்தனை வேலையில் ரசீதில் இடம்பெறுவது பாகங்களின் விலையும் மாட்டுக்கூலியும் மட்டுமே. கேள்வி கேட்டதற்கும், விரல் வைத்துப் பார்த்ததற்கும், வெளிவட்டச் சாலை வரை ஓட்டிப் பார்த்த நேரத்துக்கும் தனி வரி கிடையாது. பாகத்தை மாற்றினால் பணம், மாற்ற வேண்டாம் என்று கண்டுபிடித்தால் பணமில்லை என்னும் இந்தக் கணக்கு, தேவையில்லாத ரேடியேட்டர்கள் மாற்றப்படுவதற்குப் பேராசையைவிடப் பெரிய காரணம். ஆயினும், வேலை முடிந்த வண்டியை ஒப்படைக்கும்போது, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் கொண்டுவந்து காட்டுமாறு வாடிக்கையாளரிடம் வற்புறுத்தும் தொழிலாளர் உள்ளனர்; காற்று வெளியேறி, நீர்மட்டம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது இரவெல்லாம் ஆறிய எஞ்சினில்தான் தெரியும். சூடு இறங்கிவிட்டதே என்று வராமலிருப்பவர்களே பெரும்பாலோர்.