பாகூருக்குப் போன வழி

மனிதருடைய வார்த்தைக்கு உத்தரவாதம் இல்லை என்பார்கள். யந்திரத்தின் வார்த்தைக்கு உத்தரவாதம் உண்டு. ஆனால் அதற்கு ஒரு தேதியும் உண்டு. அந்தத் தேதி கழிந்த பிறகு என்ன நேரிடும் என்பதை 2019-ஆம் வருஷம் ஆனி மாதத்தில் பாகூர் ஏரிக்கரையில் நான் தெரிந்துகொண்டேன்.

என் மோட்டார் வண்டியில் வழிகாட்டிப் பெட்டி ஒன்று பொருத்தியிருந்தேன். இடப்புறம் திரும்பு, வலப்புறம் திரும்பு என்று வாய் ஓயாமல் பேசும் பெட்டி. மூன்று வருஷம் நன்றாக உழைத்தது. அந்த ஆண்டு சித்திரை பிறப்பதற்குச் சில நாள் முன்பு அதற்குச் சித்தப் பிரமை கண்டது. விற்ற கடைக்கு எடுத்துச் சென்றேன். "வாரண்டி முடிந்து ஒரு வருஷம் ஆகிறது, ஸார்! புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். என்ன கோளாறு என்று பார்க்கக்கூட இல்லை. பணம் போட்டு வாங்கியதை எறிய மனமில்லாமல் அதையே வைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நிலையில், என் அத்தையை அழைத்துக்கொண்டு விழுப்புரத்திலிருந்து அவசரமாகப் புறப்பட வேண்டியதாயிற்று. அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. பாகூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் அவளுடைய அக்காள் படுத்த படுக்கையாக இருந்தாள். தங்கை வந்து ஊட்டினாலொழியக் கஞ்சியைத் தொடுவதில்லை என்று அன்று காலை முதல் பிடிவாதமாக இருப்பதாகச் செய்தி வந்திருந்தது.

வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோபுரத்தை அத்தை வண்டியில் இருந்தபடியே கும்பிட்டாள். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கவர்னரே வந்து தேர்வடம் பிடிப்பது இந்தக் கோயிலின் வழக்கம். இப்போது துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். அதைத் தாண்டி ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம் வழியாகத் தெற்கே போனோம். இருபுறமும் நெல் வயல்களும் கரும்புத் தோட்டங்களும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தன.

இந்தப் பிரதேசத்தில் வழி தவறுவது வெகு சுலபம். புதுச்சேரி மாவட்டம் ஒரே துண்டு நிலம் அல்ல. தமிழ்நாட்டின் நடுவே பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. பிரெஞ்சுக்காரர் பல தவணைகளில் பெற்று, யுத்தங்களில் இழந்து, 1814-ஆம் வருஷத்து உடன்படிக்கைப்படி ஆங்கிலேயரிடமிருந்து திரும்பப் பெற்ற கிராமங்கள் இவை. 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்த பின்னும் எல்லைகள் பழையபடியே இருக்கின்றன. "சிறு பிள்ளையில் கடலூருக்குப் போய் வந்தால் சுங்கச் சாவடியில் மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும், அப்பா!" என்றாள் அத்தை.

பாகூர் ஏரி கண்ணில் பட்டது. ஊசுட்டேரிக்கு அடுத்தபடி இந்தப் பக்கத்தில் பெரிய ஏரி இதுதான். பெட்டி எங்களைக் கரைமேல் ஏறச் சொல்லிற்று. ஏறினேன். சிறிது தூரத்தில் பாதை குறுகி முட்செடிகளில் முடிந்தது. பெட்டியைப் பார்த்தேன். நாங்கள் ஏரியின் நட்டநடுத் தண்ணீரில் நிற்பதாக அது காட்டிற்று! கைபேசியின் உயிரோ வில்லியனூரிலேயே பிரிந்துவிட்டது. மணி ஒன்று.

அத்தை மெல்ல இறங்கி, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவரிடம் ஊர்ப் பெயரையும் அக்காளின் வீட்டையும் சொன்னாள். "அந்தப் பெரியம்மா வீட்டுக்கா? இந்தக் கரையோடு போகாதீங்க. வந்த வழியே திரும்பி, மதகைத் தாண்டி, ஐயனார் கோயிலண்டை தெற்கே திரும்புங்க. சீக்கிரம் போங்க, அம்மா!" என்றார் அவர். இருபது நிமிஷத்தில் வீட்டு வாசலில் இருந்தோம். தங்கையின் கையால் அக்காள் நாலு கரண்டி கஞ்சி குடித்தாள்.

மறுநாள் திரும்புகையில் வில்லியனூரில் ரேடியோ, டெலிவிஷன் பழுது பார்க்கும் ஒரு வாலிபரிடம் பெட்டியைக் காட்டினேன். அவர் முதலில் பார்த்தது தேதியை. அது 1999 நவம்பர் என்றிருந்தது! காரணத்தையும் அவரே விளக்கினார். ஆகாயத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் 1980 ஜனவரி 6 முதல் வாரங்களை எண்ணி அறிவிக்கின்றன. ஆனால் எண்ணிக்கை 1023 வரையில்தான். பிறகு மறுபடியும் பூஜ்யம். நம்முடைய அறுபது வருஷச் சக்கரம் போலத்தான். விகாரி என்று மட்டும் சொன்னால் 1959-ல் பிறந்த விகாரியா, 2019-ல் பிறந்த விகாரியா என்று எப்படித் தெரியும்? 1999 ஆகஸ்டில் ஒரு சுற்று முடிந்தது; 2019 ஏப்ரல் 6-ஆம் தேதி இரண்டாவது சுற்று முடிந்தது. அதை அறியாத பழைய பெட்டிகள் இருபது வருஷம் பின்னால் போய்விட்டன. தேதி பிசகினால் கோள்கள் நிற்கும் இடமும் பிசகும். அவற்றைக் கொண்டு கணக்கிடும் நம் இடமும் பிசகும்.

உற்பத்தி செய்தவர்கள் இதற்கென்று இலவசமாக வெளியிட்டிருந்த திருத்தத்தை அவர் ஒரு சிறு அட்டையில் இறக்கிப் பெட்டிக்குள் செருகினார். அரைமணியில் பெட்டிக்குப் புத்தி தெளிந்தது. கூலி இருநூறு ரூபாய்.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாரண்டி முடிந்ததும் வாங்கியவருடைய உரிமை யாவும் முடிந்துவிடுவதில்லை. பொருளில் ஆதியிலேயே குறை இருந்தது என்று காட்ட முடியுமானால், வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ள சட்டமும் அப்படியே சொல்லுகிறது. ஆலோசனைக்கு 1915 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. ஆகையால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பழுது என்னவென்று தெரியாமல் புதிது வாங்காதீர்கள்.

இதே பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்க வர்மன் காலத்தில் ஒரு வித்தியாஸ்தானம் இருந்தது. அதற்கு மூன்று கிராமங்கள் தானம் செய்ததைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. அந்நாளில் கிராம எல்லையைக் காலால் நடந்து பார்த்து, கல்லும் கள்ளியும் நட்டுக் குறிப்பார்கள். நடந்து அறிந்தவர் சொல்லும் வழிக்கு இன்றைக்கும் மதிப்புக் குறையவில்லை.

அடுத்த மாதம் மறுபடியும் போனோம். பெட்டி ஒழுங்காகவே பேசிற்று. ஆனாலும் மதகண்டை அது வாய் திறப்பதற்கு முன்பே, "ஐயனார் கோயில் வருகிறது, தெற்கே திரும்பு, அப்பா!" என்றாள் அத்தை. திரும்பினேன்.