ஆணி அடிக்கக் கூடாத வீடு

1992 ஆவணியில் நாங்கள் குடிபோன மேற்கு மாம்பலம் போர்ஷனின் சுவர்களில் 11 ஆணிகள் இருந்தன. ஒன்றுகூட நாங்கள் அடித்ததில்லை. "ஆணி கீணி அடிச்சு செவுத்தப் பேக்காதீங்க. இருக்கறதுல மாட்டிக்குங்க" என்று சாவி கொடுக்கும்போதே வீட்டுக்கார அம்மா சொல்லிவிட்டார். அதனால் எங்கள் முதல் வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதை எங்களுக்கு முன்னால் அங்கே இருந்துவிட்டுப் போனவர்கள்தான் தீர்மானித்தார்கள். காலண்டர் அடுப்படியில் தொங்கியது. சாமி படம் வாசற்கதவுக்குப் பின்னால் போயிற்று. கதவைத் திறந்தால் முருகன் மறைந்துவிடுவார். முகம் பார்க்கும் கண்ணாடிக்கென்று இருந்த ஆணி என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில். முன்பு இருந்தவர் நல்ல நெட்டையாக இருந்திருக்க வேண்டும். நான் தினமும் முக்காலி போட்டு ஏறித்தான் பொட்டு வைத்துக்கொண்டேன்.

ஒரு அறை, ஒட்டினாற்போல் ஒரு அடுப்படி, அவ்வளவுதான். கீழே இதே மாதிரி ஐந்து குடித்தனம், மாடியில் வீட்டுக்காரர்கள். குளியலறையும் கக்கூஸும் கொல்லைப்புறத்தில் எல்லோருக்கும் பொது. அம்மியும் ஆட்டுக்கல்லும் பொது. சிவப்புக் காவி போட்ட தரை, மேலே தேக்கு உத்தரமும் செங்கல்லும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ். உத்தரத்தில் ஒரு இரும்புக் கொக்கி மட்டும் இருந்தது. ஃபேனைக் குடிவருகிறவர்கள்தான் கொண்டு வர வேண்டும், போகும்போது கழற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தக் காலத்து வாடகை வீடு என்றால் சுவரும் கூரையும் மட்டும்தான்.

இந்த வீடு கிடைத்ததே ஆடியின் தயவால். என் வீட்டுக்காரருக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை. அங்கே ஃபோர்மேன் ஒருவர் சொன்னாராம்: "ஆடியில எவனும் வீடு மாற மாட்டான். காலியா கெடக்குற வீட்டுக்காரன் மனசு அப்பதான் எறங்கும். வாயால பேசி வச்சுக்க, ஆவணி பொறந்ததும் அட்வான்ஸக் கொடு." அவர் சொன்னது பலித்தது, 500 ரூபாய் வாடகை 450க்கு இறங்கியது. ஆனால் அதற்கு முன்பு ஏறி இறங்கிய வாசல்களில் வாடகை பேச்சுக்கே வரவில்லை. "நீங்க என்ன ஆளுங்க?" என்பது முதல் கேள்வி. அதைக் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் "சைவந்தானே?" என்று சுற்றி வளைத்தார்கள். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த எங்களுக்கு இரண்டாவது கேள்வியும் முதல் கேள்வியும் ஒன்றுதான் என்று புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று. ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் குடிபோனவர்களும் உண்டு. ஜன்னலைச் சாத்திக்கொண்டு கருவாடு வறுத்தவர்களை எனக்குத் தெரியும். சுவருக்குக் காது இருக்கிறதோ இல்லையோ, ஒண்டுக் குடித்தனத்தில் மூக்கு உண்டு.

அட்வான்ஸ் பத்து மாத வாடகை, 4,500 ரூபாய். 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதெல்லாம் வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தால் மட்டும் என்ன? சட்டம் பேசுகிறவருக்கு மெட்ராஸில் யார் வீடு கொடுத்தார்கள்? 2017இல் வந்த புதுச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாதம் என்கிறது. ஊர் என்னவோ தன் கணக்கைத்தான் நம்புகிறது. என் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போய், அட்வான்ஸும் முதல் மாத வாடகையும் போக, குடித்தனம் வைக்க எங்களிடம் மிஞ்சியது 1,100 ரூபாய்.

முதலில் உள்ளே போனவை உப்பு, மஞ்சள், அரிசி, குத்துவிளக்கு, ஒரு குடம் தண்ணீர். பால் காய்ச்சியது நூதன் திரி ஸ்டவ்வில். ஈரத் திரி பிடிக்க நேரமாகி, பால் பொங்குவதற்குள் மாமியார் நல்ல நேரம் முடியப்போகிறது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பொங்கிய பாலில் லேசாக மண்ணெண்ணெய் வாசனை. அந்த வாசனை எங்களை விட்டுப் போக வருஷங்கள் ஆயின. கேஸ் இணைப்புக்கு எழுதிப்போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. எழுதிப்போடவே ரேஷன் கார்டு வேண்டும். கார்டு வாங்க ஊர்க் கார்டில் பெயரை நீக்கிச் சான்று கொண்டு வர வேண்டும். அதுவரை மண்ணெண்ணெய்கூட வெளி விலைக்குத்தான். அதிகம் செலவாகிறது என்று சாம்பார் கொதிக்கும்போதே திரியை இறக்கிவிட்டு மிச்சச் சூட்டில் வேகவிடும் வித்தையைக் கோடி போர்ஷன் அக்காதான் சொல்லிக்கொடுத்தார்.

கல்யாணத்துக்கு வந்த சாமான்களில் பாதிக்கு மேல் சுவர்க் கடிகாரங்கள். இருப்பது 11 ஆணி, அதில் மணிக்காட்டிக்கு ஒன்றுதான் ஒதுக்க முடியும். மாம்பலம் ஸ்டேஷன் நடைபாலத்தில் ஏறி மறுபக்கம் இறங்கினால் ரங்கநாதன் தெரு. அங்கே ஒரு ஃபேன்சி ஸ்டோர்க்காரர் பெட்டி பிரிக்காத கடிகாரங்கள் இரண்டை வாங்கிக்கொண்டு ஒரு பக்கெட், ஒரு மக், இரண்டு பிளாஸ்டிக் குடம் கொடுத்தார். அவருக்குத்தான் லாபம், சந்தேகமில்லை. ஆனால் குடம் இல்லாமல் அந்தப் பேட்டையில் ஒரு நாள் ஓட்ட முடியாது; மணி பார்க்க எலெக்ட்ரிக் ரயில் சத்தம் போதும். அப்போது அது இன்னும் மீட்டர்கேஜில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பெரிய சாமான்களுக்குத்தான் அலைந்தோம். பட்டறையில் வயதானவர்கள் எல்லோரும் பழைய சாமான் என்றாலே மூர் மார்க்கெட் என்றுதான் ஆரம்பிப்பார்கள். பிறகு பெருமூச்சு விடுவார்கள். அது 1985இல் எரிந்துபோய்விட்டது. இவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் ரோடு பக்கம் ஏலம் பார்க்கப் போய், ஒரு தேக்கு அலமாரியை ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். அலமாரியின் அகலம் எங்கள் வாசற்கதவை விடப் பெரிது. தி.நகர் கடைகளில் ஆடித் தள்ளுபடி முடிந்து பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தவணைக்குக் கட்டில் கொடுக்கிறவர் ஒருவர் தெருவில் வந்து போவார். தவணைக்காரர் வாசலில் நின்று குரல் கொடுத்தால் ஐந்து குடித்தனத்துக்கும் கேட்கும் என்பதால் அந்த யோசனையைக் கைவிட்டோம்.

கடைசியில் எந்தக் கடையும் எங்கள் வீட்டை நிரப்பவில்லை. அந்தக் காம்பவுண்டே நிரப்பியது. நாங்கள் போன சில மாதத்தில், கோடி போர்ஷன் அக்காவின் கணவருக்குப் பொன்மலை ரயில்வே பணிமனைக்கு மாற்றல் வந்தது. லாரிக்கு ஏற்றுக்கூலி கொடுத்துத் திருச்சி வரை கொண்டு போக முடியாததை எல்லாம் அக்கா திண்ணையில் எடுத்து வைத்தார். மடக்குக் கட்டில் 120 ரூபாய். ஃபேன் 200, ரெக்கையில் சின்ன நெளிசல் இருந்ததால் ஓடும்போது 'டிக் டிக்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும், விற்றுப்போன கடிகாரங்களை ஈடுகட்டுவது போல. வலை அடித்த மர அலமாரிக்கு விலை கேட்டேன்.

"அதுக்கு எதுக்கும்மா காசு? அது இந்த வீட்டோடது. எனக்கு முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போனது. அவங்களும் வாங்கினது இல்லையாம்."

"இருந்தாலும் அக்கா..."

"ஒண்ணு பண்ணு. நாலு காலுக்கும் கீழ கிண்ணத்துல தண்ணி வையி. ஒரு நாள் மறந்தாலும் எறும்பு ஏறிடும்."

அந்த அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலில் பால் கணக்கு எழுதியிருந்தது. மூன்று விதமான கையெழுத்து. நான் நாலாவதாக ஆரம்பித்தேன். மேலே இருந்த பழைய கணக்குகளில் பாலின் விலையைப் பார்த்தாலே அது எத்தனை வருஷத்துச் சாமான் என்று தெரியும்.

அப்போதுதான் கவனித்தேன், அந்த வீட்டில் எல்லாப் போர்ஷனிலும் இதே கதைதான். எதிர்ப் போர்ஷன் டீச்சரின் மேஜை முன்பு என்னுடைய அறையில் இருந்ததாம். அதன் ஒரு மூலை வழுவழுவென்று தேய்ந்திருந்தது. என் அறை ஜன்னலுக்குக் கீழே சுவரிலும் அதே உயரத்தில் ஒரு தேய்மானம். யாருக்காவது பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் ஐந்து குடித்தனத்து நாற்காலிகளும் ஒரே அறையில் கூடும். என் ஆறு எவர்சில்வர் டம்ளர்களும் அப்படி எத்தனையோ பெண் பார்த்த கூட்டத்தில் காபி கொடுத்திருக்கின்றன. திரும்பி வரும்போது பெயர் வெட்டியிருந்ததால் மட்டுமே என்னுடையவை என்று தெரியும். சொந்தமாக வாங்க முடியாததால்தான் இத்தனையும், அதில் மறைக்க ஒன்றுமில்லை. பணம் இருந்திருந்தால் நானும் கதவைச் சாத்திக்கொண்டு புது சாமானோடு உட்கார்ந்திருப்பேன்.

மேற்கு மாம்பலத்தில் கட்டிலை விட அவசியமானது கொசுவலை. அந்தப் பேட்டைக்கே கொசுவாலும் யானைக்காலாலும் பேர். ரத்தப் பரிசோதனைக்கு ஆட்கள் ராத்திரியில்தான் கதவைத் தட்டுவார்கள்; யானைக்கால் புழு ராத்திரியில்தான் ரத்தத்தில் தலைகாட்டும் என்பார்கள். தூக்கக் கலக்கத்தில் விரலை நீட்டிவிட்டு மறுபடி வலைக்குள் போய்விடுவோம். வலைக்கு நான்கு மூலையிலும் ஆணி வேண்டும். முன்பு இருந்தவர்கள் மூன்றுதான் அடித்திருந்தார்கள், நாலாவதை ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறார்கள் போல. கம்பியில் கயிறு அறுத்த தடம் இருந்தது. நாங்களும் அங்கேயே கட்டினோம்.

தண்ணீர் கதை தனி. பக்கத்திலேயே லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு. பார்க்க ஏரி ஏது? இருந்த ஏரியை 1920களில் தூர்த்துத்தான் தி.நகரை உருவாக்கினார்கள். ஏரி இருந்த பூமியில் விடியற்காலை நாலு மணிக்கு அடிபம்பு முன்னால் குடங்கள் வரிசை கட்டும். 1993 கோடையில் பம்பில் காற்றுதான் வந்தது. மெட்ரோ வாட்டர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்துவிட்டால் தெருவே ஓடும். அந்த வருஷம்தான் இவருக்குப் போனஸ் வந்து, இரண்டு வயர் நாற்காலி வாங்கலாம் என்று பேசிவைத்திருந்தோம். நாற்காலிப் பணத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் வந்தது. வெள்ளிக்கிழமை ஒரு மீன்பாடி வண்டியில் அதை வைத்துத் துரைசாமி சப்வே வழியாகக் கொண்டு வந்தார். அறையில் நாற்காலி போட இருந்த இடத்தில் டிரம் நின்றது. மூடி மேல் ஒரு பழைய புடவையை விரித்து, வருகிறவர்களை அதன் மேல் உட்காரச் சொன்னோம். ஊரிலிருந்து வந்த என் அப்பா அதில் உட்கார்ந்து காபி குடித்தார். என்ன நாற்காலி இது என்று கேட்கவில்லை.

அந்த வீடு இப்போது இல்லை. அடுக்குமாடி வந்துவிட்டது. கீழே கார் நிறுத்துமிடம். எங்கள் அடுப்படி இருந்த இடத்தில் லிஃப்ட் இருக்கலாம், சரியாக அளந்து சொல்ல எந்த அடையாளமும் இல்லை.

1996இல், கிருஷ்ணா தண்ணீர் வருகிறது என்று பத்திரிகைகள் கொண்டாடிய வருஷம், கே.கே.நகர்ப் பக்கம் குழாய் உள்ளேயே இருக்கிற ஒரு வீட்டுக்குப் போனோம். கேஸும் வந்துவிட்டது. காலி செய்கிற வாரம், எங்கள் போர்ஷனைப் பார்க்க ஒரு புதுத் தம்பதி வந்தார்கள். திண்டிவனம் பக்கம், பையனுக்கு ஏதோ அச்சகத்தில் வேலை. ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்கார அம்மா அவர்களிடமும் சொல்லியாகிவிட்டது. அந்தப் பெண் கண்ணாடி ஆணியைப் பார்த்துவிட்டு என் உயரத்தைப் பார்த்தாள். முக்காலியையும் விட்டுவிட்டுப் போகிறேன் என்றேன்.

"ஃபேன் எவ்வளவுக்கா?"

"நூத்தம்பது. கொஞ்சம் சத்தம் போடும்."

"டிரம்மு?"

"எண்பது."

"அறுபதுக்கு வராதாக்கா?" என்று கேட்டபோது அவள் கை ஏற்கெனவே டிரம் மூடியைத் திறந்து அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. கெட்டிக்காரி. எழுபதுக்கு முடித்தோம். அவள் புருஷன் வலை அலமாரிக்கு விலை கேட்டான்.

"அது இந்த வீட்டோடது தம்பி" என்றேன். "கால்ல தண்ணி மட்டும் ஊத்திக்கிட்டே இருக்கணும்."