கரடியை விடு, குளிரைக் கவனி

ட்ராய், மிச்சிகன்
செப்டம்பர் 8

அன்புள்ள கயல்,

நேற்று இரவு உன் அம்மா போனை எடுத்ததுமே கேட்டாள்: "அந்தக் காட்டுல கரடி இருக்காமேடா?" நீ அனுப்பிய செய்தியிலும் அதே கேள்விதான். இருக்கிறது, கறுப்புக் கரடி. அதற்கு உன்மேல் அக்கறை கிடையாது; உன் சாப்பாட்டு மூட்டைமேல் உண்டு. முகாமிடும் இடங்களில் உணவை வைத்துப் பூட்ட இரும்புப் பெட்டியோ, உயரத்தில் தொங்கவிடக் கம்பமோ இருக்கும். பற்பசை, சோப்பு, தலைக்குத் தடவும் எண்ணெய் எல்லாமே அங்கே போகட்டும். கூடாரத்துக்குள் ஒரு கடலைமிட்டாய்கூட இருக்கக் கூடாது. கரடிக்கு இது போதும்.

நான் எழுத உட்கார்ந்தது குளிரைப் பற்றி. நீ தோழிகளோடு போகப்போகிற, சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் பிக்சர்டு ராக்ஸுக்கு வரும் புதியவர்கள் கரடிக்குப் பயந்து குளிரை மறந்துவிடுகிறார்கள்.

சுப்பீரியரை வரைபடத்தில் ஏரி என்று போட்டிருப்பதால் ஏமாந்துவிடாதே. இலங்கையை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். ஆழம் சில இடங்களில் 400 மீட்டரைத் தாண்டும். அவ்வளவு நீரும் கோடையில் சூடேறி முடிவதற்குள் கோடையே போய்விடும். ஏரியின் சராசரி வெப்பம் 4 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நீ நம் ஊர்க் கிணற்றில் மேலிருந்து குதித்து வளர்ந்தவள், தெரியும். இங்கே அது வேண்டாம். கரையோரம் இதமாகத் தெரிந்த தண்ணீர், காற்று திரும்பினால் அடிநீர் மேலே வந்து ஒரே நாளில் சில்லிட்டுவிடும். அந்தத் தண்ணீரில் விழுந்தால் முதலில் மூச்சு திணறும். கொஞ்ச நேரத்தில் கைகால் சொன்னபடி கேட்காது. நீச்சல் தெரிந்தவர்களும் அப்படித்தான் போகிறார்கள். முழங்கால் வரை நனைத்துக்கொள், போதும்.

காற்றும் மழையும் ஏரியிலிருந்துதான் ஏறி வரும். காலையில் வெயிலடித்தது என்று ஜீன்ஸும் பருத்திச் சட்டையுமாகக் கிளம்பிவிடாதே. நனைந்த பருத்தி காயாமல் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கம்பளியோ பாலியெஸ்டரோ நனைந்தாலும் ஓரளவு காக்கும். மாற்று உடுப்பு ஒன்றையும் காலுறையையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வை. இரவு படுக்க மட்டும்தான் அவை. செப்டம்பர் கடைசியில் இரவு 5 டிகிரி வரை இறங்கும்.

தோழிகளிடம் இதைச் சொல்லி வை: யாருக்காவது நடுக்கம் கூடி, ஜிப் போட விரல் வராமல், பேச்சுக் குழறினால், "களைப்பு" என்று விட்டுவிடக் கூடாது. குளிர் ஏறியவளுக்கே அது தெரியாது. பக்கத்தில் இருப்பவள்தான் கண்டுபிடிக்க வேண்டும். உடனே நின்று, ஈர உடுப்பைக் கழற்றி, ஸ்லீப்பிங் பேக்கில் நுழைத்து, சர்க்கரை தூக்கலாகச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள்.

பாதையைப் பொறுத்தவரை, முழு 42 மைல் ஆசையை அடுத்த வருடத்துக்கு வை. சேப்பல் ரோடு முடிகிற இடத்தில் காரை நிறுத்தி, சேப்பல் அருவி வழியாக இறங்கினால் சுமார் 3 மைலில் கடற்கரை மாதிரி மணல் வந்துவிடும். அங்கே ஓர் இரவு. மறுநாள் பாறை விளிம்போடு மேற்கே மஸ்கீட்டோ கரை வரை நடந்து, அப்படியே கார் நிற்கும் இடத்துக்குத் திரும்பிவிடலாம். மொத்தம் 10 மைல் சுற்று. ஜூலையில் கணுக்காலைக் கடித்துத் துளைக்கும் ஈக்கள் இப்போது அடங்கியிருக்கும்.

சேப்பல் பாறை உச்சியில் ஒரே ஒரு வெண்பைன் மரம் நிற்கிறது. பாறைக்கும் கரைக்கும் இடையே இருந்த கல் வளைவு 1940களில் இடிந்து விழுந்தது; வேர்கள் மட்டும் அந்தரத்தில் கரைவரை நீண்டு மரத்தைக் காப்பாற்றுகின்றன. தூர நின்று பார், வேரில் கால் வைக்காதே.

அதற்குப் பிறகு வரும் பாறைகள் 200 அடி வரை உயரம். இடுக்கில் கசியும் நீர்தான் அவற்றுக்கு வண்ணம் பூசுகிறது: இரும்பு சிவப்பையும், செம்பு நீலத்தையும் பச்சையையும், மாங்கனீசு கறுப்பையும் தருகின்றன. படகில் போகிறவர்கள் அதை நேராகப் பார்ப்பார்கள். மேலே நடக்கும் உனக்கு வளைவுகளில்தான் எட்டும். எட்டவில்லை என்று விளிம்புக்குப் போகாதே. அதே நீர் குளிர்காலத்தில் உறைந்து விரிந்து மணற்கல்லைப் பிளக்கிறது. மைனர்ஸ் காசில் என்ற பாறையில் இருந்த இரட்டைக் கோபுரங்களில் ஒன்று 2006இல் ஏரிக்குள் சரிந்தது. நீ நிற்கும் புல்லுக்குக் கீழே கல்லே இல்லாமலும் இருக்கலாம்.

சமையலுக்குச் சுலபமான வழி: ரவையை வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, உப்பும் கலந்து பொட்டலம் கட்டிக்கொள். கொதிக்கும் நீரில் கொட்டினால் உப்புமா தயார். விறகை நம்பாதே, சின்ன கேஸ் அடுப்பு எடுத்துப் போ. ஏரித் தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் வடிகட்டாமல் குடிக்காதே.

முகாமிட முன்பதிவு கட்டாயம். எந்த இரவு எந்த இடம் என்று அனுமதிச் சீட்டில் போட்டிருக்கும். அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. நீ இருக்கும் ஹோட்டனிலிருந்து, காட்டை ஒட்டிய மியூனிசிங்குக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். கிளம்பும்போது அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசிவிடு. காட்டுக்குள் சிக்னல் பெரும்பாலும் இருக்காது. ஞாயிறு மாலை வரை போன் வராது என்று நானும் அவளிடம் சொல்லி வைக்கிறேன்.

என் ஸ்லீப்பிங் பேக்கும் தண்ணீர் வடிகட்டியும் பார்சலில் வருகின்றன. பேக்கை நீயே வைத்துக்கொள். வடிகட்டி உறைந்தால் வீணாகிவிடும். இரவில் அதையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படு. அதை மட்டும் திருப்பி அனுப்பு, அக்டோபரில் எனக்கு வேண்டும்.

அன்புடன்,
மாமா