கூத்தனூர் சரஸ்வதி சந்நிதியில் ஒரு ரிட்டயர்டு டீச்சரும் புது ஸ்லேட்டும்!

பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கிவிட்டால் போதும், திருவாரூர் மாவட்டம் கூத்தனூரில் கூட்டம் கூடிவிடும். மாலையோடு வருபவர்களைவிட நோட்டும் பேனாவுமாக வருபவர்களே இங்கு அதிகம். தமிழகத்தில் சரஸ்வதிக்கெனத் தனிக்கோயில்கள் அரிது. அவற்றில் பெயர்பெற்றது இந்தக் கோயில்.

புலவர் ஒட்டக்கூத்தருக்குச் சோழ மன்னன் தானமாகக் கொடுத்த ஊர் என்பதால் 'கூத்தனூர்' ஆனது என்கிறார்கள். வெண்ணிற ஆடையில், பத்மாசனத்தில் அமர்ந்திருக்கிறாள் கலைமகள். சரஸ்வதி பூஜையன்று அம்மனின் பாதங்களை அர்த்த மண்டபம் வரை நீட்டி அலங்கரிப்பார்கள். பக்தர்களே பூப்போட்டு வணங்கலாம். மறுநாள் விஜயதசமிக்கு, நெல்லில் 'அ' எழுதப் பழகும் குழந்தைகளால் கோயிலே வகுப்பறையாகிவிடும்.

நாம் போனது வைகாசி அமாவாசையன்று. வரிசையில், "பேனாவுக்கு மூடியைப் போடும்மா, நோட்டுல மை கசியும்" என்று யாரோ ஒரு பிள்ளையிடம் சொன்ன குரலிலேயே தெரிந்துவிட்டது, அவர் டீச்சர் என்று. பக்கத்தில் மகன், மருமகள், இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேரும் பேத்தி. பேத்தி கையில் புது ஸ்லேட்.

"34 வருஷம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடத்துல வேலை பார்த்தேன் தம்பி. ஒவ்வொரு மே மாசமும் வீடு வீடாப் போய், 'பிள்ளையை நம்ம பள்ளிக்கூடத்துல சேருங்க'ன்னு கேட்பேன். ஒரு வருஷம் ஒரு அம்மா, 'உங்க பையன் எங்க டீச்சர் படிக்கிறான்?'னு கேட்டுட்டாங்க. அவன் வேன் வர்ற தனியார் பள்ளியில படிச்சான். எனக்கு வாயடைச்சுப் போச்சு."

"அதுக்கப்புறமாவது மாத்தினீங்களா டீச்சர்?"

"இல்லை தம்பி. தைரியம் வரலை. வருஷா வருஷம் இங்க வந்து, என்கிட்ட படிக்கிற எல்லாப் பிள்ளைங்களுக்காகவும் வேண்டிக்குவேன். சாமி மேல இருந்த நம்பிக்கையில பாதிகூட என் வகுப்பு மேல எனக்கு இல்லைன்னு அப்பதான் புரிஞ்சுது. ரிட்டயர் ஆன பிறகும் அந்தக் கேள்வி உறுத்திக்கிட்டே இருந்துச்சு."

இப்போது அவர் வேலை பார்த்த அதே பள்ளியில்தான் பேத்தி சேர்கிறாள். முடிவெடுத்தது மருமகள். நடந்துபோகும் தூரம், 2023-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்ட காலை உணவு. இரண்டு நாள் நேரில் போய், வகுப்பு நடப்பதைப் பார்த்துவிட்டு வந்தாராம்.

"அப்பவும் முதல்ல தயங்கினது நான்தான். 'இருக்குறதே ரெண்டு டீச்சர்தானே'ன்னு இழுத்தேன். 'நீங்க ஊரையே நம்பச் சொன்ன பள்ளிக்கூடம்தானே அத்தை?'ன்னு இவ ஒரே வார்த்தையில கேட்டுட்டா" என்று மருமகளைப் பார்த்துச் சிரிக்கிறார். கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"இன்னிக்கு என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"மார்க்கெல்லாம் கேட்கலை. அவளுக்குப் பாடம் எடுக்கப்போற டீச்சருக்கு நல்ல உடம்பும் பொறுமையும் கொடு தாயேன்னு கேட்டேன். அது இருந்தா மத்தது தானா வரும்."

இங்கிருந்து அவர்கள் அருகிலுள்ள திலதர்ப்பணபுரிக்குக் கிளம்புகிறார்கள். செதலப்பதி என்றும் சொல்வார்கள். தசரதனுக்கு ராமர் தர்ப்பணம் கொடுத்த தலம் என்பது நம்பிக்கை. யானை முகமில்லாமல், மனித முகத்தோடு ஆதி விநாயகர் இருப்பதும் அங்கேதான். டீச்சரின் கணவரும் ஆசிரியராக இருந்தவர். அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க மகன் வந்திருக்கிறார். கூத்தனூருக்கு வருபவர்கள் ஒரே நாளில் இரண்டு தலங்களையும் பார்த்துவிடலாம். மயிலாடுதுறை - திருவாரூர் சாலையில், பூந்தோட்டத்தில் இறங்கினால் கூத்தனூர் பக்கம்தான். பூந்தோட்டத்தில் ரயில் நிலையமும் உண்டு.

கிளம்பும் முன், பிராகாரத் திண்ணையில் உட்கார்ந்து பேத்தி ஸ்லேட்டில் 'அ' எழுதினாள். ஓரத்தில் அர்ச்சகர் வைத்த குங்குமம். சுழி எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது. "சரியா அப்பாயி?" என்று நீட்டினாள்.

டீச்சரின் கை பல்பம் வரை போய், திரும்பிவிட்டது.

"திங்கட்கிழமை உங்க டீச்சர்கிட்ட காட்டு. அவங்க சொல்லித் தருவாங்க" என்றார்.